சோஹோவின் இரண்டு காலங்கள்

1987 ஜனவரியில் பிரிட்டனின் வீடுதோறும் தபாலில் ஒரு துண்டறிக்கை வந்தது. எய்ட்ஸ் பற்றி அரசே அச்சிட்டு அனுப்பியது அது. அதே நாட்களில் தொலைக்காட்சியிலும் ஒரு விளம்பரம். மலை வெடிக்கும், பாறையில் உளி இறங்கும், கடைசியில் அது கல்லறைக் கல்லாக எழுந்து நிற்கும். அறியாமையால் செத்துப்போகாதீர்கள் என்று நடிகர் ஜான் ஹர்ட்டின் குரல் எச்சரிக்கும். நோயைக் கட்டுப்படுத்த மருந்து இல்லாத நேரத்தில் பயத்தை மருந்தாகக் கொடுத்தார்கள். அப்போது வளர்ந்தவர்கள் பலருக்கு அந்தக் கல்லறை இன்னும் மறக்கவில்லை.

லண்டனின் தன்பாலீர்ப்பு ஆண்கள் அந்தத் துண்டறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. பகலில் நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பதிவுசெய்துவந்த டெரன்ஸ் ஹிக்கின்ஸ் இரவில் கேளிக்கை விடுதியில் வேலை பார்த்தார். 1982 ஜூலை 4 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் எய்ட்ஸால் இறந்தபோது அவருக்கு வயது 37. அவருடைய காதலரும் நண்பர்களும் அவர் பெயரிலேயே தொடங்கிய அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ், மைக்கேல் கேலன் என்ற இரண்டு நோயாளிகள், ஜோசப் சோனபெண்ட் என்ற மருத்துவரின் வழிகாட்டுதலோடு 1983இல் ஒரு கையேடு எழுதினார்கள். எந்தக் கிருமி என்றே உறுதியாகாத நேரம் அது. ஆனாலும் உறவைக் கைவிடச் சொல்லாமல், உறவு கொள்ளும் முறையை மாற்றுங்கள், ஆணுறை போடுங்கள் என்றார்கள். கருத்தடைச் சாதனமாக மட்டுமே ஆணுறையை நினைத்திருந்த ஆண்களுக்கு அது புதுச் செய்தி. பாதுகாப்பான உடலுறவு என்ற எண்ணத்தை உருவாக்கியதில், சாவின் நிழலில் நின்றவர்களுக்கு அரசுகளைவிடப் பெரிய பங்கு உண்டு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் போதைப்பொருள் விஷயத்திலும் அதுவே நடந்ததுதான்.

அன்றும் போதைப்பொருள் இல்லாமல் இல்லை. நடன அரங்குகளில் முகர்ந்துபார்க்கும் ‘பாப்பர்ஸ்’ குப்பிகள்தான் இந்த நோய்க்குக் காரணமோ என்றுகூட ஆரம்பத்தில் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் பிடிபட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது.

1988இல் இன்னொன்று நடந்தது. தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’ உள்ளாட்சிகளுக்குத் தடை விதித்த 28ஆம் பிரிவு சட்டமானது. இங்கிலாந்தில் 2003 வரை அது நீடித்தது. வகுப்பில் ஒரு பையன் தன்னைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்ல ஆசிரியர் பயந்தார். வீட்டில் பேச முடியாது, பள்ளியிலும் பேச முடியாது, தொலைக்காட்சியில் பார்த்ததோ கல்லறை. அப்படி வளர்ந்த பையன்கள் முப்பதுகளைத் தொட்ட நேரத்தில்தான் புதிய போதைப்பொருள்கள் லண்டனுக்கு வந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கிடையே நோயின் கதை தலைகீழானது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து சாவுகள் சரிந்தன. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் ‘ப்ரெப்’ மாத்திரை, தொற்றை 86 சதவீதம் குறைப்பதாக 2015இல் பிரிட்டனின் ‘ப்ரவுட்’ ஆய்வு காட்டியது. ஆனால் அரசு மருத்துவச் சேவை அதைக் கொடுக்கத் தயங்கியது. அந்த மாத்திரையைத் தொடங்க இருந்த கிரெக் ஓவன், முதலில் பரிசோதனை செய்தபோது தனக்கு ஏற்கெனவே தொற்று இருப்பதை அறிந்தார். தனக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று, வெளிநாட்டிலிருந்து அதை வரவழைக்க வழிகாட்டும் இணையதளத்தை 2015 அக்டோபரில் தொடங்கினார். அப்படி வாங்கப்பட்ட மாத்திரைகளில் பல இந்தியாவில் தயாரானவை. அடுத்த ஆண்டே லண்டனின் பெரிய பாலியல்நல மருத்துவமனைகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 782 ஆண் இணைகளைக் கவனித்தார்கள். மருந்தால் வைரஸ் அடக்கப்பட்ட ஒருவரிடமிருந்துகூட அவருடைய இணைக்குத் தொற்றவில்லை. கல்லறை விளம்பரத்தைப் பார்த்துப் பயந்த தலைமுறை இந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பயம் போன இடத்தில் வேறோர் ஆபத்து வந்து உட்கார்ந்தது. மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின், மெஃபெட்ரோன், ‘ஜி’ என்று அழைக்கப்படும் ஜி.எச்.பி., ஜி.பி.எல். ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நீளும் உறவுக்கு ‘கெம்செக்ஸ்’ என்று பெயர். மெஃபெட்ரோன் 2010 ஏப்ரல் வரை பிரிட்டனில் தடைசெய்யப்படவே இல்லை, செடிக்கு உரம் என்று சொல்லி விற்றார்கள். கேளிக்கை விடுதி தேவைப்படாமல் போனது. கைபேசிச் செயலியில் பத்து நிமிடத்தில் ஆள் கிடைக்கும், யாரோ ஒருவர் வீட்டில் திரைச்சீலை இழுத்துவிடப்படும்.

இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது ஜி. நிறமில்லாத திரவம். ஜி.பி.எல். தொழிற்சாலைக் கரைப்பானாகவும் பயன்படுகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, பானத்தில் கலந்து குடிக்கிறார்கள். மகிழ்ச்சி தரும் அளவுக்கும் மயக்கும் அளவுக்கும் இடையே உள்ளது மில்லிலிட்டரின் சிறு பங்குதான். அதனால் யார் எப்போது குடித்தார் என்று தாளில் எழுதிவைக்கிறார்கள், அடுத்த முறைக்குக் கைபேசியில் அலாரம் வைக்கிறார்கள். ஆனால் போதையில் இருப்பவருக்குக் கடிகாரம் பிடிபடாது. மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு மெத், ஜி இரண்டின் அளவும் உடம்பில் எதிர்பாராமல் ஏறக்கூடும். பாப்பர்ஸோடு வயாகரா சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். மெத் போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களிடம் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் அழற்சி பரவுகிறது. ப்ரெப் மாத்திரை இவற்றில் எதையும் தடுக்காது.

லண்டனின் சோஹோ பகுதியில், டீன் தெரு 56ஆம் எண் பாலியல்நல மருத்துவமனையில் டேவிட் ஸ்டூவர்ட் இந்தக் கெம்செக்ஸ் பிரச்சினையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர், 2022 ஜனவரியில் காலமானார். கெம்செக்ஸ் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். போதையைக் கைவிடு என்று அவர் தொடங்கவில்லை. போதை இல்லாமல் கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள் என்ற மாதிரிக் கேள்விகளிலிருந்து தொடங்கினார். நிராகரிப்பு, உடலைப் பற்றிய வெட்கம், தொற்று வந்துவிடுமோ என்ற பழைய பயம் எல்லாம் அந்தப் பேச்சில் வெளியே வரும். இந்த வார இறுதியில் மட்டும் வேண்டாம் என்று முடிவெடுக்க உதவுவார்கள். ஊசி எடுப்பவருக்குச் சுத்தமான ஊசி தருவார்கள். இப்படித்தான் ஆள் திரும்பி வருவார், திட்டினால் வரமாட்டார்.

சட்டம் எடுத்த வழி வேறு. 2014, 2015இல் ஸ்டீபன் போர்ட் என்பவன் இளைஞர்கள் நால்வருக்கு ஜி.எச்.பி. கொடுத்துக் கொன்றான். போலீசின் தவறுகளுக்கு மூன்று சாவுகளில் அநேகமாகப் பங்கு உண்டு என்று 2021இல் மரண விசாரணை ஜூரி சொன்னது. 2022 ஏப்ரலில் ஜியைப் போதைப்பொருள் சட்டத்தில் மேலும் கடுமையான பிரிவுக்கு மாற்றினார்கள். கொலைகாரனைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் நண்பன் மயங்கிக் கிடக்கும்போது, போலீஸ் வருமோ என்ற பயத்தில் ஆம்புலன்சைக் கூப்பிடத் தயங்குபவனையும் நாம் நினைக்க வேண்டும். தூங்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவதில்தான் பல உயிர்கள் போகின்றன. ஜி குடித்தவர் எழுப்பியும் எழவில்லை என்றால் அதைத் தூக்கமென்று நம்பக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து, உடனே பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டும். வருபவர்களிடம் என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லி, நேரம் எழுதிய அந்தத் தாளையும் கொடுத்துவிட வேண்டும்.