வேரியபிள் எந்த வீட்டுப் பிள்ளை?

லேபில் வெப் பேஜ் புரோகிராமை ஓட்டும்போது எரர் வந்தால்கூடப் பரவாயில்லை. வரி நம்பரைப் பார்த்துத் திருத்திவிடலாம். எரரே வராமல் தப்பான விடை வருகிறதே, அதுதான் ஆளைப் படுத்தும்! அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வேரியபிளின் எல்லை, அதாவது ஸ்கோப், எதுவரை? திரையோடு அதற்கு இணைப்பு, அதாவது டேட்டா பைண்டிங், எப்படி?

நம்மூர் கோர்வைச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று. கரையின் ஊடை உடலுக்குள் ஓடாது. கோர்க்கும் இடத்தில் மட்டும் பின்னிக்கொள்ளும். ஸ்கோப் என்பது கரை. பைண்டிங் என்பது கோர்வை.

1. வாரா, லெட்டா? 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது இருந்தது 'வார்'தான். அதற்கு எல்லை ஃபங்ஷன். ஃபார் லூப் அதற்குச் சுவர் ஆகாது. மூன்று பட்டனுக்கு 0 முதல் 2 வரை லூப்பில் கிளிக் எழுதினால், எதை அழுத்தினாலும் 3 என்றே வரும். நாம் அழுத்துவதற்குள் லூப் முடிந்துவிடுகிறது. மூன்று பட்டனும் பார்ப்பது ஒரே 'ஐ'. 2015-ல் வந்த 'லெட்' போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது 'ஐ' கிடைக்கும்.

2. இரண்டுமே போடாவிட்டால்? வேரியபிள் குளோபல் ஆகிவிடும். இன்னொரு ஃபங்ஷனும் அதே பெயரை அப்படியே எழுதியிருந்தால் ஒன்றை மற்றது அழிக்கும். ஃபைல் தலையில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' எழுதினால் அந்த வரியிலேயே எரர் காட்டும்.

3. கோடி ரூபாய் பில்! சேலை விலை 12000, தபால் செலவு 500 என்று இரண்டு பெட்டியில் அடித்துக் கூட்டினால் 12000500 வரும். ஒரு கோடியே இருபது லட்சத்து ஐந்நூறு! இன்புட் பெட்டியின் மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங். 'நம்பர்' ஃபங்ஷனால் மாற்றிய பிறகே கூட்டணும்.

4. மதிப்பு மாறியும் திரை மாறலையா? ரியாக்ட்டில் சாதாரண வேரியபிளை மாற்றினால் திரைக்குத் தெரியாது. 'யூஸ்ஸ்டேட்' தரும் செட் ஃபங்ஷன் வழியாகவே மாற்ற வேண்டும்.

காரணம் பிடிபடவில்லையா? குரோமில் எஃப்12 அழுத்தி, 'சோர்ஸஸ்' பகுதியில் சந்தேகமான வரியில் பிரேக்பாயின்ட் வையுங்கள். 'ஸ்கோப்' கட்டத்தில் லோக்கல், பிளாக், குளோபல் எனத் தனித்தனியாக மதிப்புகள் தெரியும். 52 அங்கே மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது ஸ்ட்ரிங் என்று புரிந்துகொள்ளலாம்.

வைவாவிலும் இன்டர்வியூவிலும் அந்த மூன்று பட்டன் கேள்வி வரலாம். விடையை மனப்பாடம் செய்யாதீர்கள். இன்றைக்கே லேபில் 'வார்' போட்டு ஒரு தடவை, 'லெட்' போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்!