வளர்ச்சியும் காவலும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையம் அமைந்துள்ளது. 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்நிலையத்திற்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கு இங்கு அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. குழந்தையின் மார்பெலும்பைத் திறந்ததும் மருத்துவர் கண்ணில் முதலில் படுவது இதயம் அன்று. அதன்மேல் போர்வைபோல் படிந்திருக்கும் தைமஸ் சுரப்பியே. இதயத்தை அணுகுவதற்காக இச்சுரப்பியின் ஒரு பகுதியை அகற்றுவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். இச்சுரப்பியின் பணி யாது? இதனை வளர்ப்பது எது?

காவலர் பயிலும் களம்

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளஞ்செல்கள் சில தைமஸ் சுரப்பிக்கு வந்து சேர்கின்றன. தன் உடற்செல் எது, அயலிலிருந்து புகுந்த கிருமி எது என்று பகுத்தறியும் திறனை அவை இங்கே பெறுகின்றன. தன் உடலையே தாக்கக்கூடிய செல்கள் பெரும்பாலும் இங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறியவை மட்டும் டி-செல்கள் என்னும் பெயருடன் உடலெங்கும் காவல் புரியச் செல்கின்றன. 1961-ஆம் ஆண்டு இலண்டனில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர், பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து இச்சுரப்பியை நீக்கிப் பார்த்தார். அவை எளிதில் நோயுற்றன. பயனற்றது என்று கருதப்பட்ட சுரப்பியின் பெருமை அதன்பின்னரே விளங்கியது.

ஹார்மோனின் துணை

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி உள்ளது. இது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் எலும்பையும் தசையையும் வளர்ப்பதுடன் நோய் எதிர்ப்பு மண்டலத்திற்கும் துணைபுரிகிறது. இந்த ஹார்மோனை ஏற்கும் வாயில்கள் வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலும் உள்ளன.

குழந்தைப் பருவத்தில் செழித்திருக்கும் தைமஸ், பூப்புப் பருவத்திற்குப் பின் சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் செல்களை முதிய எலிகளின் உடலில் செலுத்தினர். சுருங்கிய தைமஸ் மீண்டும் வளர்ந்தது. 2008-இல் வெளிவந்த ஆய்வொன்றில், எச்.ஐ.வி. தொற்றுடைய பெரியவர்கள் இந்த ஹார்மோனைப் பெற்றபோது அவர்களுடைய தைமஸ் பெருத்துப் புதிய டி-செல்கள் மிகுந்தன.

எனினும், வளர்ச்சி ஹார்மோன் தலைவன் அன்று, துணைவனே. இந்த ஹார்மோன் குறைந்த குழந்தைகள் உயரத்தில் குறைந்திருப்பினும், பெரும்பாலோர் நோயை எதிர்க்கும் ஆற்றலை இழப்பதில்லை.

அளவும் எச்சரிக்கையும்

1958 முதல் 1985 வரை, இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனே குறையுள்ள குழந்தைகளுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டது. அவர்களுள் சிலர் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய மூளைநோயால் இறந்தனர். 1985-இல் அம்முறை பல நாடுகளில் நிறுத்தப்பட்டது; மரபணுப் பொறியியலால் உருவான ஹார்மோன் அதே ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. இன்றும் மருத்துவர் ஆராய்ந்து தேவையென்று கண்டால் மட்டுமே இதனை அளிப்பர்.

உயரம் கூட்டும் என்றும் எதிர்ப்பாற்றல் பெருக்கும் என்றும் விளம்பரப்படுத்தப்படும் பொடிகள் இந்த ஹார்மோனை உடலுக்கு அளிக்க இயலாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். விழுங்கினால் உணவுபோல் செரித்துவிடும். இன்சுலினை ஊசியால் செலுத்துவதும் இக்காரணத்தாலேயே.

விலையின்றிக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. இரவில் ஆழ்ந்து உறங்கும் முதற்பொழுதில்தான் இந்த ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. கைப்பேசியின் முன் நள்ளிரவு வரை விழித்திருக்கும் சிறுவன் வளர்ச்சிக்கும் காவலுக்கும் உரிய நேரத்தை இழக்கிறான்.

சொற்பொருள்
அயல் – வெளி
பகுத்தறிதல் – வேறுபாடு உணர்தல்
மிகுந்தன – பெருகின

வினாக்கள்
1. தைமஸ் சுரப்பியில் டி-செல்கள் எவற்றைப் பகுத்தறியப் பயில்கின்றன?
2. வளர்ச்சி ஹார்மோனைப் பொடியாக உண்பது ஏன் பயன் தராது?
3. 'தலைவன் அன்று; துணைவனே' – இத்தொடரைப் பாடக் கருத்தால் விளக்குக.