ஏ.எஸ்.ரி. முந்தினால்

சுன்னாகத்திலோ தெல்லிப்பழையிலோ குருதி கொடுத்துவிட்டு றிப்போட் வாங்குகிறவர்கள், எந்த எண் கூடிவிட்டது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஈரல் பரிசோதனையில் அது மட்டும் போதாது. எது எதை முந்தியது என்றும் பார்க்க வேண்டும்.

ஏ.எஸ்.ரி. 148, ஏ.எல்.ரி. 61 என்று ஒரு தாள் வந்ததாக வைத்துக்கொள்வோம். பழைய தாள்களில் இவையே எஸ்.ஜீ.ஓ.ரி., எஸ்.ஜீ.பி.ரி. இரண்டும் கலங்களுக்குள் வேலைசெய்யும் நொதியங்கள். கலம் சிதைந்தால் குருதிக்குள் கசியும். வைரஸ் ஈரலழற்சியிலும், குடிக்காதவர்களுக்கும் வரும் கொழுப்பு ஈரலிலும் பெரும்பாலும் ஏ.எல்.ரி.தான் கூடி நிற்கும். ஏ.எஸ்.ரி. அதன் இரு மடங்கைத் தாண்டினால் டொக்டரின் கேள்வி தவறணைப் பக்கம் திரும்பும்.

ஏன் அப்படி? ஏ.எல்.ரி.க்கு விற்றமின் பி6 அவசியம். சோற்றைக் குறைத்துச் சாராயத்தைக் கூட்டியவரின் உடலில் அது பற்றாது, அதனால் ஏ.எல்.ரி. அவ்வளவாக ஏறாது. அதோடு மதுசாரம் கலத்தின் இழைமணிகளைத் தாக்கும், ஏ.எஸ்.ரி.யில் ஒரு வகை இருப்பதே அங்குதான். இரண்டையும் வகுத்துப் பார்க்கும் வழக்கத்தை 1957 இல் தொடங்கியவர் இத்தாலியரான பெர்னாண்டோ டி றிற்றிஸ். அவர் ஆராய்ந்தது குடியை அல்ல, வைரஸ் ஈரலழற்சியை.

இன்னொரு விசித்திரம், குடியால் ஈரல் எவ்வளவு கெட்டாலும் ஏ.எஸ்.ரி. 300, 400ஐத் தாண்டுவது அபூர்வம். ஆயிரக்கணக்கில் ஏறினால் அளவுக்கு மிஞ்சிய பனடோல் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மூன்றாவது எண் ஜீ.ஜீ.ரி. தொடர்ந்து குடிப்பவரில் இது சட்டென்று ஏறும். நிறுத்தினால் இரண்டு மூன்று கிழமையில் ஏறக்குறையப் பாதியாகும். அதனால் "விட்டுட்டன் டொக்டர்" என்பது உண்மையா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான், வலிப்புக்கான சில மாத்திரைகளும் இதை ஏற்றும். ஏ.எஸ்.ரி. தசையிலும் உண்டு. பழக்கமில்லாதவர் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தாலும் கூடலாம். ஒரு தாளை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

"கள்ளுத்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்ற வாதம் எங்கள் பக்கத்தில் பழையது. சாராயத்தைவிடக் கள்ளில் மதுசாரம் குறைவு என்பது சரி. ஆனால் ஈரல் பார்ப்பது மொத்த அளவை. போத்தல் கணக்கில் குடித்தால் அந்தக் குறைவு ஈடாகிவிடும்.

மூன்று எண்களும் சரியாக இருந்தாலும் நிம்மதி நிச்சயமில்லை. ஈரல் தழும்பேறும் சிரோசிஸ் முற்றினால் நொதியங்கள் வழமை அளவுக்கு இறங்கியே இருக்கலாம். சிதைந்து கசிய நல்ல கலங்கள் அதிகம் மிஞ்சுவதில்லை. அந்தக் கட்டத்தில் அல்புமின், குருதிச் சிறுதட்டுகள், குருதி உறையும் நேரம், ஸ்கான் ஆகியவற்றைத்தான் டொக்டர் கேட்பார்.