ஆலை இங்கே, சொத்து அங்கே

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வரும் கூட்டமும் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்களும் ஒரே சாலையில்தான் நெருக்கியடிக்க வேண்டும். ஒரகடத்தில் டெய்ம்லர், ரெனோ, ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். வட்டார வளர்ச்சி என்று நாம் பெருமைப்படும் இந்த ஆலைகள், ரிசர்வ் வங்கியின் காலாண்டுக் கணக்கில் வெளிநாட்டாருக்கு நாம் தரவேண்டிய பக்கத்தில் நிற்கின்றன.

வெளிநாடுகளில் நமக்குள்ள சொத்திலிருந்து, இங்கே வெளிநாட்டாருக்குள்ள சொத்தைக் கழித்தால் வருவது நிகர வெளிநாட்டுச் சொத்து. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு அது ஏறக்குறைய 33,000 கோடி டாலர் பற்றாக்குறை. ஹூண்டாயின் தாய்நாடான தென்கொரியாவுக்கோ 2024 முடிவில் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் உபரி.

இரண்டும் ஒரு காலத்தில் ஒரே படகில் இருந்தவைதாம். 1991-ல் இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. 1997-ல் கொரியா ஐ.எம்.எஃப். வாசலில் நின்றது, அடுத்த ஆண்டு நாட்டின் கடனை அடைக்க மக்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். பிறகு கொரியா ஏற்றுமதி உபரியை ஆண்டுதோறும் சேர்த்து, 2014-ல் கடனாளி நிலையிலிருந்து வெளியே வந்தது. அங்கே முதியோர் பெருகினார்கள். முதுமைக்காகச் சேர்த்த ஓய்வூதிய நிதி வெளிநாடுகளில் முதலீடு செய்தது. சாதாரண கொரியர்களும் அமெரிக்கப் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். இந்தியாவுக்கு இந்த நூற்றாண்டில் நடப்புக் கணக்கில் உபரி வந்ததே 2001-04, 2020-21 ஆண்டுகளில் மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்நியச் செலாவணிக் கையிருப்பில் நாம்தான் பெரியவர்கள். 2025 மார்ச்சில் நம்மிடம் 66,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. கொரியாவிடம் ஏறக்குறைய 41,000 கோடி. ஆனால் நம் கையிருப்பில் பெரும்பகுதி குறைந்த வட்டிக் கடன் பத்திரங்கள். இங்கே வெளிநாட்டார் வைத்திருப்பவற்றிலோ லாபம் தரும் கம்பெனிகள் ஏராளம். கவலைப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

ஹூண்டாயையே பாருங்கள். 2024 மார்ச்சில் இந்திய ஹூண்டாயின் நிகர மதிப்பு, கணக்குப் புத்தகப்படி, பத்தாயிரம் கோடி ரூபாய் சொச்சம். அக்டோபரில் பங்கு ஒன்று 1,960 ரூபாய்க்கு வெளியானபோது சந்தை வைத்த விலை ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். இந்த விற்பனையால் ஆலையில் ஒரு இயந்திரம்கூடக் கூடவில்லை. ஆனாலும் கொரியாவின் கையில் மிஞ்சிய பங்குக்குப் பல மடங்கு மதிப்பு ஏறிவிட்டது. 17.5 சதவீதப் பங்கை விற்ற 27,870 கோடி முழுவதும் தாய்க் கம்பெனிக்கே போனது. இங்கே புதிய முதலீடாக ஒரு ரூபாயும் வரவில்லை.

அதற்காகக் கழித்தல் குறியைக் கண்டாலே பதற வேண்டியதில்லை. 1991-லும் 1997-லும் கழுத்தை நெரித்தது குறுகிய காலக் கடன். கார் ஆலையின் பிரஸ் ஷாப்பை ஒரே இரவில் கழற்றிக்கொண்டு யாரும் ஓட முடியாது. ஆனால் ஆலையை மூடிவிட முடியும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. மூடிய ஆலைக்கு மதிப்பு விழுந்தால், நிகரக் கணக்கில் நம் பொறுப்பு குறைந்ததாகத்தான் எழுதுவார்கள். வேலை இழந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எதிர்த்திசையிலும் கொஞ்சம் போக்குவரத்து உண்டு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. தாய்லாந்தில் சொந்தமாக வண்டி கோக்கும் ஆலையும் வந்துவிட்டது. தாய்லாந்தின் ஏட்டில் அது தரவேண்டிய பக்கம்.