ஒரு டிஸ்க் செத்தால் எவ்வளவு போகும்?

கொச்சி காக்கநாட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன அலுவலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் நாலு ஹார்ட் டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் 4 டிபி. நான்கையும் இணைத்து 16 டிபி கொண்ட ஒரே டிரைவாகப் பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் நகல் வைக்க இன்னொரு 16 டிபி வேண்டும். அதற்குப் பணம் இல்லை. ஒருநாள் ஒரு டிஸ்க் செத்துவிட்டால் என்ன ஆகும்?

எப்படி இணைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. கோப்புகளைத் துண்டுபோட்டு நாலு டிஸ்க்கிலும் பரப்பும் 'ரெய்டு 0' முறை வேகமானது. ஆனால் ஒன்று போனால் நாலும் போன மாதிரிதான். 'மெர்ஜர்எஃப்எஸ்' போன்ற மென்பொருளோ ஒவ்வொரு கோப்பையும் ஏதாவது ஒரு டிஸ்க்கில் முழுசாக வைக்கிறது. செத்த டிஸ்க்கில் இருந்தவை மட்டும் போகும். மிச்ச மூன்றையும் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம். சின்ன இடங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

போனதையும் மீட்க, கூடுதலாக ஒரே ஒரு டிஸ்க் போதும். அதில் இருப்பது நகல் அல்ல, கணக்கு. இதற்குப் பாரிட்டி என்று பெயர். நாலு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் 1011, 0110, 1100, 0011 என்று இருக்கட்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள 1களை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. வருவது 0010, ஐந்தாவது டிஸ்க்கில் இதுதான் பதிவாகும். இப்போது இரண்டாவது டிஸ்க்கை அடித்துவிட்டு, மிச்சமுள்ள நான்கு வரிகளையும் அதேபோல் எண்ணிப் பாருங்கள். 0110 திரும்பி வரும்! எந்த டிஸ்க் போனாலும் இதே கணக்குதான்.

'ஸ்னாப்ரெய்டு' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. பாரிட்டி டிஸ்க் மற்ற எதையும்விடச் சிறியதாக இருக்கக்கூடாது. கணக்கு நாம் 'சிங்க்' கொடுக்கும்போதுதான் புதுப்பிக்கப்படும். கடைசி சிங்க்குக்குப் பிறகு நல்ல டிஸ்க்கில் எதையாவது அழித்திருந்தால், செத்த டிஸ்க்கை மீட்கும்போது அந்த அளவுக்கு ஓட்டை விழும்.

பெரிய தரவு மையங்களில் சிக்கல் வேறு. ஃபேஸ்புக் தன் கிடங்கில் 10 துண்டுத் தரவுக்கு 4 பாரிட்டித் துண்டுகள் வைக்கும் ரீட்–சாலமன் முறையைப் பயன்படுத்தியது. மூன்று நகலுக்கு மூன்று மடங்கு இடம் வேண்டும், இதற்கு 1.4 மடங்கு போதும். ஆனால் ஒரு துண்டை மீட்க 10 துண்டுகளைப் படித்தாக வேண்டும், நெட்வொர்க் திணறிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. விஜய் குமாரின் குழு இந்தச் சுமையைத்தான் பல ஆண்டுகளாகக் குறைத்து வந்தது. அவர்கள் பிறருடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட 'கிளே' குறியீட்டில், மிச்சமுள்ள 13 துண்டுகளும் ஆளுக்குக் கால்பங்கு அனுப்பினால் போதும்: மொத்தம் மூன்றேகால் துண்டு. இன்று உலகெங்கும் ஓடும் 'செஃப்' சேமிப்பு மென்பொருளில் அது இடம்பெற்றிருக்கிறது.

பாரிட்டி டிஸ்க் சாவுக்குத்தான் மருந்து. தவறுதலாக அழித்ததை அடுத்த சிங்க்குக்கு முன் கவனிக்காவிட்டால் அதற்கோ, வைரஸுக்கோ, தீ விபத்துக்கோ அல்ல. திரும்ப எடுக்கவே முடியாத கோப்புகளுக்கு மட்டுமாவது வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள். மாதம் ஒருமுறை டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையைத் திறந்து 5, 197 எண்ணிட்ட வரிகளைப் பாருங்கள். பழுதான பகுதிகளின் கணக்கு அவற்றில்தான் இருக்கும். அது பூஜ்யத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினால், அன்றே மாற்று டிஸ்க் வாங்கிவிடுங்கள்.