கதவிடுக்கு சொல்லும் கணக்கு

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்தப் பூட்டைக் கையால் செய்கிறவர்கள் அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பார்கள். சாவியைப் போட்டுப் பார்ப்பார்கள். மறுபடி ஓர் இழுப்பு. ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டுக்குச் சேராது. சேரக்கூடாது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் இக்கட்டுரை பூட்டைப் பற்றியதன்று. ஒரு கதவைப் பற்றியது. அறுபது வயதை நெருங்கிவிட்ட ஒரு காரின் கதவு அது.

என் தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து நின்றது. அதைப் புதுப்பிக்கலாம் என்று துணிந்து, ஒரு பட்டறையில் விட்டோம். துரு பிடித்த இடங்களைப் பற்றவைப்பதற்காகக் கூரையையும் கதவுகளையும் கழற்றினார்கள். வேலை முடிந்து மாட்டியபோது இடப்பக்கக் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. வலப்பக்கக் கதவோ மேல் மூலையில் இடித்தது. நான் போய்ப் பார்த்தபோது கதவின் பின் ஓரத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டிருந்தது.

"ஒரு நூல் அறுத்துட்டா சரியாப் போயிடும் சார்" என்றார் டிங்கர். நூல் என்பது பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ 3 மி.மீ.

"ஒரு நாள் பொறுங்கண்ணே, அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கதவை அறுத்துவிட்டால் வேறு கதவுக்கு எங்கே போவது? ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 1980-களின் இறுதியிலேயே நின்றுபோயிற்று. கதவு முழுதாகச் சாத்தாமல் பூட்டின் முதற்பல்லில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளும் அபாயமும் உண்டு. இந்தக் காரில் இருக்கைப் பட்டையும் கிடையாது.

முதலில் ஒரு கேள்வி. இரண்டு மூன்று மி.மீ. கோணல் நம் கண்ணை ஏன் அவ்வளவு உறுத்துகிறது? அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண, அவை கண்ணில் ஏறத்தாழ ஒரு கலை அளவுக் கோணத்தையாவது தாங்க வேண்டும். கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தொலைவில் இது 0.9 மி.மீ. ஆகிறது. ஆனால் ஒரு கோடு இன்னொரு கோட்டிலிருந்து விலகியிருப்பதைக் காணும் திறன் நமக்கு இதைவிடப் பல மடங்கு நுட்பமானது. பத்து விகலை அளவு விலகலைக்கூடக் கண்டுவிடுகிறோம். அதே மூன்று மீட்டரில் அது 0.15 மி.மீ. மட்டுமே. ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவுகோலை நாம் படிக்க முடிவது இத்திறனால்தான். ஆகவே முழு நீளமும் ஒரே சீராக 5 மி.மீ. இருக்கும் இடுக்கு கண்ணுக்கு அழகாகப் படும். மேலே 3, கீழே 5 என்று ஆப்புப்போல் இருக்கும் இடுக்கு, சராசரியில் குறுகியதானாலும், அசிங்கமாகத் தெரியும்.

இனி ஹெரால்டின் உடலமைப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. அக்காலத்தில் பெரும்பாலான கார்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றேயான கூடாக மாறிக்கொண்டிருந்தன. நம் அம்பாசடரும் அவ்வகையே. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் 1953-இல் போட்டியாளர் கைக்குப் போய்விட்டது. எனவே தனி அடிச்சட்டத்தின்மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட்டு போட்டு இணைக்கும் பழைய வழிக்கே அவர்கள் திரும்பினார்கள். முன்பகுதி, பின்பகுதி, கூரை எல்லாமே கழற்றக் கூடியவை. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான நம் ஹெரால்டும் இப்படித்தான்.

இதில் வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகடுகளைச் செருகி உடலை ஏற்றி இறக்கலாம். அதே காரணத்தால், சட்டம் சற்றுத் தொய்ந்தாலும் கதவிடுக்கில் அது உடனே தெரிந்துவிடும்.

கதவு இடித்தால் எல்லோரும் முதலில் பழி போடுவது கீலின்மேல். அதில் நியாயமும் இருக்கிறது. கதவின் எடை 20 கிலோ, நீளம் ஒரு மீட்டர், இரு கீல்களுக்கு இடைத்தூரம் 30 செ.மீ. என வைத்துக்கொள்வோம். எடை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது. 20-ஐ 50-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 33. மேல்கீலை 33 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுக்கிறது. கீழ்க்கீலை அதே விசை முன்னோக்கித் தள்ளுகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்து அரட்டை அடிப்பவரின் எடை தனி! கீல்முளைகள் தேய்ந்து மொத்தம் 1 மி.மீ. ஆட்டம் கண்டால், கதவின் மறுமுனை 3 மி.மீ.க்குமேல் இறங்கிவிடும். இதே நெம்புகோல் நமக்கும் உதவும். கீல் முன்தூணின் பின்முகத்தில் அமர்ந்திருந்தால், கீழ்க்கீலுக்கு அடியில் 1 மி.மீ. தகடு வைத்தால் போதும். மறுமுனை 3 மி.மீ. உயரும்.

ஆனால் எங்கள் காரில் குற்றம் கீலுடையதா, சட்டத்துடையதா? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கதவின் முன் ஓர இடுக்கையும் பின் ஓர இடுக்கையும் ஒரே உயரத்தில் அளந்து கூட்டுங்கள். மேலே ஒரு கூட்டுத்தொகை, கீழே ஒரு கூட்டுத்தொகை. கதவு கீலில் தொங்கிச் சாய்ந்திருந்தால், ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியிருக்கும், கூட்டுத்தொகை மாறாது. வாயிலின் தூண்களே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தால் மேல்தொகையும் கீழ்த்தொகையும் வேறுபடும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல அளவு டிரில் பிட்டுகளின் அடித்தண்டை இடுக்கில் நுழைத்துப் பார்த்தாலே போதும். காரைச் சக்கரங்களின்மேல், என்ஜினும் கூரையும் மாட்டிய நிலையில் சமதரையில் நிறுத்தினோம். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபால் தரையின் மட்டம் பார்த்தோம். ஒரு சக்கரம் மேடேறி நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அளவு பொய்யாகிவிடும். ஐயமிருந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கதவிடுக்கைக் கவனித்துப் பாருங்கள். காலை நிழலில் அளப்பதும் முக்கியம். நம்மூர் வெயிலில் தகடு 70 பாகை செல்சியசுக்குக் கொதிக்கும். காலையைவிட 45 பாகை கூடுதல் என்றால், ஒரு மீட்டர் எஃகுக் கதவு அரை மி.மீ. நீளும். வெயில் படாத சட்டம் அவ்வளவு நீளாது.

இடப்பக்கம்: மேலே முன் 5, பின் 4, கீழே முன் 4, பின் 5. இரண்டு தொகையும் 9. வலப்பக்கம்: மேலே முன் 3, பின் 1; கீழே முன் 4, பின் 5. கீழே 9 சரி, மேலே 4 தான்! இரண்டு அளவிடங்களுக்கும் உயர வேறுபாடு அரை மீட்டர். ஆகக் கதவின்மேல் குற்றமில்லை. வாயிலின் தூண்கள் மேலே 5 மி.மீ. நெருங்கியிருந்தன.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. முதுகெலும்பு போன்ற நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளில் வலப்பக்கத்தது ஒன்று துருவேறி இளைத்துத் தொய்ந்திருந்தது. இத்தனை நாள் அது தெரியாமல் இருந்தது கூரையால். ஓர் அடிக்கோலைப் படுக்கையாக வைத்து வளையுங்கள், எளிதாக வளையும். செங்குத்தாக நிறுத்தி வளைக்க முயலுங்கள். 3 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள கோல் அப்போது நூறு மடங்கு விறைப்பாக இருக்கும். கூரை இருக்கும்வரை காரின் உடல் உயரமான பாலம்போல் நின்றது. கூரையைக் கழற்றியதும் அது தாழ்ந்த வெறும் தட்டாகி, தொய்ந்த கையின்மேல் இறங்கிவிட்டது. கழற்றுமுன் வாயிலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்திருந்தால் இவ்வளவு வம்பில்லை.

எவ்வளவு தூக்க வேண்டும்? வாயிலின் அடியில் 5 மி.மீ. தூக்கினால், முன்னும் பின்னும் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கு உடல் ஆயிரத்தில் ஐந்து சாயும்; இரண்டும் சேர்ந்து ஆயிரத்தில் பத்து. அரை மீட்டர் உயரத்தில் அது 5 மி.மீ. விரிவு. நமக்கு வேண்டியதும் அதுவே.

கூரை போல்ட்டுகளைத் தளர்த்தி, கைக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்துச் சிறிது சிறிதாக ஏற்றினார் டிங்கர். நான் இடுக்கில் டிரில் பிட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல்தொகை 4, 6, 7 என்று ஏறி 9-இல் வந்து நின்றது. "வந்துருச்சு சார்!" என்று அவர்தான் முதலில் கத்தினார். துருவேறிய கையை வெட்டிப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார். இதிலும் ஒரு பௌதிகம் உண்டு. செந்தணலாகும் இரும்பு விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விடாது. நசுங்கிய அப்பகுதி ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சுருங்கி, அக்கம்பக்கத்தை இழுத்துவிடும். அதனால் ஒரே மூச்சில் பற்றவைக்காமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து ஆறவிட்டோம். ஜாக்கியை எடுத்தபின் தொகை 8 ஆகக் குறைந்தது. இரப்பர் மெத்தைகளை மாற்றி, 1 மி.மீ. தகடு ஒன்றைச் செருகியதும் மீண்டும் 9. இடப்பக்கத்தையும் மறுபடி அளந்தோம். அங்கே மாற்றம் இல்லை. அதன்பிறகே கீல்களைத் தொட்டு, முன்னும் பின்னும் நாலரை மி.மீ. வரும்படி பங்கிட்டோம்.

இடுக்கைப் பட்டி அப்பிச் சரிசெய்வது எனக்கு உடன்பாடில்லை. கதவின் ஓரம் அடிவாங்கும் இடம், பட்டி பெயர்ந்துவிடும். உண்மையிலேயே தகடு குறைவாக உள்ள இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியைப் பற்றவைத்து அரத்தால் ராவுவதே நிற்கும். எங்கள் கதவின் கீழ் மூலையில் இரண்டு அங்குலத்துக்கு அப்படிச் செய்தோம். வண்ணப்பூச்சுக்கும் இடம் விட வேண்டும்; மறுபூச்சு ஓரத்துக்கு 0.2 மி.மீ. தடிப்பு என்றாலும், எதிரெதிர் ஓரங்கள் சேர்ந்து 0.4 மி.மீ. போய்விடும்.

இன்னும் பானெட்டு பாக்கி இருக்கிறது. ஹெரால்டில் மூக்கு முழுவதும் முன்பக்கக் கீலில் கவிழ்ந்து திறக்கும்; கதவின் முன் ஓரத்தைப் பார்த்துத்தான் அதை நிறுத்த வேண்டும். கதவுகள் நிலைபெற்றுவிட்டதால் வரும் ஞாயிறன்று அதைத் தொடங்குகிறோம். சாக்பீசுக் கோட்டை டிங்கரே துணியால் துடைத்துவிட்டார்.