உவர்நீர்க் கழியிலிருந்து உறைபனிக் கண்டத்துக்கு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை ஒட்டிப் பாலத்தின் இரு மருங்கிலும் விரிந்து கிடக்கும் முட்டுக்காட்டுக் கழியை, விடுமுறை நாளில் படகேறி உலாவும் இடமென்ற அளவிலேயே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். கோடையில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ள, வெயிலில் நீர் வற்றி உப்பேறுவதும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மழை வெள்ளம் திட்டை உடைத்துக்கொண்டு பாய, நன்னீரும் கடல்நீரும் ஒன்றோடொன்று கலப்பதும், அந்தக் கலப்பிலே மடவையும் கொடுவாவும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழித்துப் பெருகுவதும் வருஷந்தோறும் நடக்கின்ற அற்புதம். இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டபடி, சேற்றை வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு இந்த நீரின் குணமெல்லாம் பரம்பரை அறிவு. இத்தகைய கழிகளின் சாஸ்திரத்தில் பல்லாண்டு ஆழ்ந்திருந்த ஒருவர்தாம், நம் தேசம் அண்டார்க்டிகாவுக்கு அனுப்பிய முதல் குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்ற செய்தியை, இந்தக் கரையில் வாழ்வோர் பெருமையோடு நினைக்க வேண்டும். அவர் பெயர் சையத் ஜஹூர் காசிம்.

இரண்டு குப்பிகள்

1926-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி அலகாபாத்தில் பிறந்த காசிம், கடலே கண்ணில் படாத கங்கைச் சமவெளியின் பிள்ளை. அலிகாரில் விலங்கியல் பயின்று, பின்னர் வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் கடற்கரைப் பாறைகளிடையே வாழும் சிறு மீன்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1960-களில் இந்து மகா சமுத்திரத்தை ஆராயப் பல தேசத்து விஞ்ஞானிகள் ஒன்றுகூடிய பெருமுயற்சியில் பங்குகொண்ட அவர், அதன் பின் கொச்சியில் தங்கி, அங்குள்ள காயலைத் தம் ஆராய்ச்சிக் களமாக்கிக்கொண்டார்.

அவரும் சகாக்களும் கையாண்ட முறைகளில் ஒன்று மிக எளியது. காயல் நீரை இரண்டு குப்பிகளில் நிரப்பி, ஒன்றை வெளிச்சம் படும்படியும் மற்றொன்றைக் கறுப்பு பூசி இருட்டாகவும் வைத்து, நீருக்குள் இறக்கிச் சில மணி நேரம் விட்டுவிடுவார்கள். வெளிச்சக் குப்பியில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பிராணவாயுவை உற்பத்தி செய்யும். இருட்டுக் குப்பியில் சுவாசம் மட்டுமே நடக்கும். இரண்டிலும் உள்ள பிராணவாயுவை அளந்து வித்தியாசத்தைக் கணக்கிட்டால், அந்த நீர் எவ்வளவு உணவை விளைவிக்கிறது என்பது புலப்படும். மாதக்கணக்கில், மழையிலும் வெயிலிலும் அலுக்காமல் இவ்வாறு எடுத்த அளவுகளைக் கொண்டு, வெப்பமண்டலக் கழியின் விளைச்சலைப் பற்றி 1969-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையை ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்தாண்டனர்.

1970-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றபோது, அதன் தலைமையகம் இராமநாதபுரம் சீமையின் மண்டபம் முகாமில்தான் இருந்தது. மறு வருஷமே அது கொச்சிக்கு மாறியது. அவர் காலத்தில்தான், 1973-ல், தூத்துக்குடியில் டாக்டர் அழகர்சாமி முத்துச்சிப்பியைக் கொண்டு வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார். அதே அழகர்சாமி பின்னாளில் இயக்குநராக இருந்து நடத்திய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பரிசோதனை நிலையம், இந்த முட்டுக்காட்டுக் கழியோரத்தில் இன்றும் இயங்குகிறது. 1997-ல் கொடுவா மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்த கீர்த்தி அந்த நிறுவனத்துக்கு உண்டு.

பனியை நோக்கி

கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிலையத்தை 1974 முதல் நடத்திவந்த காசிம், 1981-ல் மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறைச் செயலாளரானார். அதே வருஷம் ஜூலையில் பிரதம மந்திரி இந்திரா காந்தியின் அரசாங்கம் சமுத்திர மேம்பாட்டுத் துறையைத் தோற்றுவித்தது. சில மாதங்களுக்குள், வெளியே அதிகம் பேசப்படாமலே அண்டார்க்டிகா யாத்திரைக்கான ஆயத்தங்கள் முடிந்து, 1981 டிசம்பர் 6-ந் தேதி, நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு அமர்த்திய ‘போலார் சர்க்கிள்’ என்ற கப்பல் 21 பேரோடு கோவாவை விட்டுப் புறப்பட்டது. அதற்கு முன்பே, 1960-ல், கிரிராஜ் சிங் சிரோஹி என்ற தாவரவியல் அறிஞர் அமெரிக்கர்களுடன் சேர்ந்து தென் துருவத்தை மிதித்திருந்தாரெனினும், நம் தேசமே தன் பெயரால் அனுப்பிய குழு இதுவே முதலாவது.

நாற்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே காற்றைத் தடுக்க மலையோ நிலமோ ஏறக்குறைய இல்லாமையால், அந்தச் சமுத்திரம் ஓயாமல் கொந்தளிப்பது; அதைக் கடந்தால் பனிப்பாளங்கள் வழியை மறிப்பவை. இவற்றையெல்லாம் தாண்டி, 1982 ஜனவரி 9-ந் தேதி அவர்கள் அண்டார்க்டிகாவின் பனித்தட்டில் இறங்கி மூவர்ணக் கொடியை நாட்டியபோது காசிமுக்கு வயது ஐம்பத்தைந்து. பலர் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் அந்தப் பிராயத்தில், பிழைத்து மீள்வதே பெரிதெனப்படும் பிரதேசத்தில், இத்தனை பேரின் உயிருக்கும் பொறுப்பேற்று நின்றார். பிப்ரவரி 21-ந் தேதி, 77 நாள் யாத்திரை முடிந்து குழுவினர் கோவா திரும்பினர்.

அமுண்ட்சன் 1911 டிசம்பரிலும் ஸ்காட் 1912 ஜனவரியிலும் தென் துருவத்தை எட்டிய கதை, முந்துவது யார் என்ற போட்டியின் கதை; வீரம் செறிந்தது, ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் மாண்டமையால் சோகமும் நிறைந்தது. காசிமின் யாத்திரையோ அளந்து அறிவதற்காகச் சென்ற யாத்திரை. வழிநெடுகக் கடல்நீரின் உப்பையும் வெப்பத்தையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் குறித்துக்கொண்டு சென்ற அந்தக் குழுவின் தலைவர், கொச்சிக் காயலில் பழகிய அதே பொறுமையைத்தான் பனிக்கண்டத்துக்கும் எடுத்துச் சென்றார் என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு என்ன?

அந்த அறிவுக்குப் பலன் விரைவிலேயே கிட்டியது. 1956-லேயே அண்டார்க்டிகாவின் எதிர்காலத்தை ஐக்கிய நாடுகள் சபையில் விவாதிக்கக் கோரிய பாரதம், 1983 ஆகஸ்டில் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மறு மாதமே அக்கண்டத்தின் காரியங்களில் முடிவெடுக்கும் தேசங்களுள் ஒன்றாயிற்று. பனித்தட்டின் மேல் எழுந்த ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் பனியில் புதையுண்டபோதிலும், பாறை மண்ணில் எழுந்த ‘மைத்ரி’யும், 2012-ல் திறந்த ‘பாரதி’யும் அந்தப் பணியைத் தொடர்கின்றன. நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்று உருவாக்கிய அளவுக் கருவித் தொகுதி ஒன்று, 2014-ல் வட துருவப் பிரதேசத்துக் குடா ஒன்றின் ஆழத்தில் நிலைநிறுத்தப்பட்டது.

துருவத்தின் பனி உருகினால் கடல்மட்டம் உயரும். உயர்ந்தால், அலைக்கு அடுத்து மணல்திட்டு ஒன்றே காவலாக நிற்கும் கோவளமும் முட்டுக்காடும் அதை முதலில் உணரும். ஆகவே துருவ ஆராய்ச்சி, கரையோர மீனவரின் வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட காரியமே. 2015 அக்டோபர் 20-ந் தேதி மறைந்த காசிமின் சரித்திரத்தை, அமுண்ட்சனின் பெயரை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்க வேண்டும். படிப்பதோடு நின்றுவிடாமல், கழியோரத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு குப்பிகளை அவர்கள் கையில் கொடுத்து, தங்கள் ஊர் நீரைத் தாங்களே அளக்கக் கற்பிக்க வேண்டும். அந்த விஞ்ஞானிக்கு நாம் செய்யக்கூடிய தகுந்த மரியாதை அதுவே.